மாறாத எல்லையும் நகரும் நகரமும்: தென்சென்னைச் சட்டமன்றத் தொகுதிகளின் மறுவரையறை பற்றி ஓர் ஆய்வு

2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகர் தொகுதியில் தி.மு.க. வேட்பாளர் ஜெ. கருணாநிதி 137 வாக்கு வேறுபாட்டில் வென்றார். அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே மிகக் குறைந்த வேறுபாடு அதுதான். தொகுதியின் எல்லைக்கோடு நான்கு தெரு தள்ளி விழுந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கலாம். அந்தக் கோடு 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் போடப்பட்டது; 2008-இல் சட்டமானது. அதற்குப் பின் அதைத் திருத்துவது எவருடைய கடமையாகவும் இல்லை.

தமிழகத்தில் தொகுதி மறுவரையறை என்றாலே பேச்சு தில்லிக்குப் போய்விடுகிறது. மக்களவையில் நமக்குள்ள 39 இடங்கள் குறையுமா, வட மாநிலங்களின் பங்கு கூடுமா என்பதே கேள்வியாகிறது. அந்தக் கவலை நியாயமானது. 1962-இல் 41 ஆக இருந்த நம் மக்களவை இடங்கள் 1967-இல் 39 ஆயின. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் இந்த இழப்பைச் சுட்டி, அதற்கு ஈடாக 5,600 கோடி ரூபாய் ஏன் தரக்கூடாது என்று ஒன்றிய அரசைக் கேட்டது. ஆனால் இந்தப் பெரிய வழக்கின் நிழலில் இன்னொரு வழக்கு கவனிப்பாரின்றிக் கிடக்கிறது. மாநிலத்துக்கு உள்ளேயே, ஏன், ஒரே மாநகருக்குள்ளேயே, ஒருவர் வாக்கின் எடை மற்றவர் வாக்கின் எடையில் மூன்றில் ஒரு பங்காகவும் நான்கில் ஒரு பங்காகவும் இளைத்துப்போயிருக்கிறது. இதற்கு வேறு மாநிலம் எதுவும் பொறுப்பல்ல. இரண்டு வழக்குகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதும், இரண்டாவதைத் தீர்க்க முதலாவது தடையாகாது என்பதும் இக்கட்டுரையின் வாதம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளையும் அவற்றுக்குத் தெற்கே விரிந்த புறநகரையும் சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

14-லிருந்து 16-க்கு

அரசமைப்புச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, ஒரு மாநிலத்தின் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் மக்கள்தொகைக்கும் இடத்துக்குமான விகிதம் இயன்றவரை ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது. கணக்கில் வருவது மக்கள்தொகை, வாக்காளர் எண்ணிக்கை அன்று. குழந்தையும் எண்ணப்படும். ஊரில் வாக்கை வைத்துக்கொண்டு தியாகராய நகரின் துணிக்கடைகளில் வேலை பார்த்து, மாம்பலத்து விடுதியில் தங்கும் தென்மாவட்டத்து இளைஞரும், கணக்கெடுப்பவர் கண்ணில் பட்டால், எண்ணப்படுவார்.

தமிழகச் சட்டமன்றத்தின் 234 இடங்கள் 1967 முதல் மாறவில்லை. 1971 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகை 4.12 கோடி, இடம் ஒன்றுக்கு 1.76 லட்சம் பேர். சென்னையின் மக்கள்தொகை அப்போது 24.69 லட்சம். வகுத்தால் 14 வருகிறது. சென்னைக்கு 14 தொகுதிகள் கிடைத்தன. அந்த வரைபடத்தில்தான் 1977 முதல் 2006 வரை எட்டுச் சட்டமன்றத் தேர்தல்கள் நடந்தன. 1976-இன் 42-ஆம் திருத்தம் மறுவரையறையை 2000-க்குப் பிந்தைய கணக்கெடுப்புவரை நிறுத்திவைத்ததே இதற்குக் காரணம்.

2001-இல் நிறைவேறிய 84-ஆம் திருத்தம் மொத்த இடங்களின் எண்ணிக்கையை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்புவரை கட்டிப்போட்டது. ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் தொகுதிகளின் எல்லையை மாற்ற அனுமதி தந்தது. முதலில் 1991 கணக்கை அடிப்படையாகச் சொன்னது. 2003-இன் 87-ஆம் திருத்தம் அதை 2001 கணக்காக மாற்றியது. 2002-இன் மறுவரையறைச் சட்டப்படி நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஆணையம் அமைந்தது. 2001-இல் மாநில மக்கள்தொகை 6.24 கோடி, இடம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.67 லட்சம். சென்னை மாவட்டத்தில் 43.4 லட்சம் பேர். வகுத்தால் 16.3, கிடைத்தவை 16. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு 10.8 வர 11 இடங்களும், திருவள்ளூருக்கு 10.3 வர 10 இடங்களும் அமைந்தன. கணக்கு துல்லியமாகப் பொருந்துகிறது. இந்த ஆணையம் கட்சிச் சார்போடு சென்னையை வெட்டியது என்று சொல்ல இந்த எண்களில் இடமில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ஆளுநர் கெர்ரியின் பெயரால் 1812 முதல் பேசப்படும் தந்திர வரைபடக் கலைக்கு நம் ஊரில் நேரடி இணை தேடுவது வீண்.

அதற்காக எல்லை மாற்றம் அரசியலைத் தொடாமல் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. பூங்கா நகரும் புரசைவாக்கமும் மறைந்தன. சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் ஒன்றாயின. கொளத்தூர், விருகம்பாக்கம், வேளச்சேரி ஆகியவை புதிதாக வந்தன. 1996, 2001, 2006 ஆகிய மூன்று தேர்தல்களில் சேப்பாக்கத்தில் வென்ற மு. கருணாநிதி 2011-இல் திருவாரூரில் நின்றார். ஆயிரம் விளக்கின் உறுப்பினராக இருந்த மு.க. ஸ்டாலின் அதே தேர்தலில் கொளத்தூருக்குப் போனார். பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீடு பெரம்பூரிலிருந்து விலகித் திரு.வி.க. நகருக்குப் போனது; எழும்பூர் தனித் தொகுதியாகவே நீடித்தது. பழைய வரைபடத்திலும் புதிய வரைபடத்திலும் மாநகரின் தனித் தொகுதிகள் இரண்டே. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ வேளச்சேரியிலோ ஒன்றும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

திருவான்மியூரில் நின்ற சுவர்

2008 வரைபடத்தில் அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர், தரமணி, வேளச்சேரி ஆகியவை வேளச்சேரித் தொகுதிக்குள் வந்தன. ஆற்றுக்கு வடக்கே மந்தைவெளி, இராஜா அண்ணாமலைபுரம், சாந்தோம் ஆகியவை மயிலாப்பூரில் நின்றன. அடையாறு ஆற்றை எல்லையாகக் கொள்வது சட்டம் கேட்கும் ஒன்றுதான். மறுவரையறைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, நில அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்கள் வசதி ஆகியவற்றைப் பார்த்துத் தொகுதி கச்சிதமாக அமைய வேண்டும் என்கிறது. மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவே கோடு போட ஆற்றைவிடத் தெளிவான இடம் கிடையாது.

வேளச்சேரித் தொகுதியின் தெற்கு எல்லைக்கு இப்படி ஒரு நியாயம் கிடைக்கவில்லை. ஆணையம் முதலில் மாவட்டவாரியாக இடங்களைப் பங்கிட்டது. தொகுதி மாவட்ட எல்லையைத் தாண்டாது. அன்று சென்னை மாவட்டம் திருவான்மியூரோடு முடிந்தது. கொட்டிவாக்கம் காஞ்சிபுரம் மாவட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவருக்கு அங்கே எந்த எல்லையும் தெரியாது. ஒரே வீட்டு வரிசை, ஒரே கடைத்தெரு, ஒரே நிலத்தடி நீர்ப் பிரச்சினை. ஆனால் வரைபடத்தில் அது ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் 16 இடங்களுக்குள் பங்கீடு. அந்தப் பக்கம் செய்யூர், உத்திரமேரூர்வரை சேர்த்து 11 இடங்களுக்குள் பங்கீடு. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, பெருங்குடி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் எல்லாம் சேர்ந்து சோழிங்கநல்லூர் என்ற ஒரே தொகுதியாயின.

2001-இன் தலைக்கணக்கில் அது தவறாகத் தெரியவில்லை. ஆனால் பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வரிசைகட்டி எழுந்ததும், ஏரிக்கரைகளில் அடுக்ககங்கள் முளைத்ததும் அந்தப் பத்தாண்டில்தான். 2001-க்கும் 2011-க்கும் இடையே காஞ்சிபுரம் மாவட்டம் 39 விழுக்காடு வளர்ந்தது, திருவள்ளூர் 35 விழுக்காடு. பழைய எல்லைக்குட்பட்ட சென்னை வளர்ந்தது 7 விழுக்காடு மட்டும். மாநில வளர்ச்சி 15.6 விழுக்காடு. ஆக, புதிய வரைபடத்தில் முதல் சட்டமன்றத் தேர்தல் நடந்த 2011-இலேயே அந்த வரைபடம் பழையதாகிவிட்டது.

2021 தேர்தலின்போது சோழிங்கநல்லூரில் ஏறத்தாழ 6.9 லட்சம் வாக்காளர்கள் இருந்தனர், மாநிலத்திலேயே அதிகம். துறைமுகம் தொகுதியில் 1.76 லட்சம். மயிலாப்பூரும் தியாகராய நகரும் இரண்டரை லட்சத்தை ஒட்டி நின்றன. மாநில சராசரி 2.69 லட்சம். மக்கள்தொகை அடிப்படையில் பத்து விழுக்காடு முன்பின் போகலாம் என்பது ஆணையம் வைத்துக்கொண்ட அளவு. வாக்காளர் பட்டியல் மக்கள்தொகைக்குச் சரியான மாற்றாகாது. இரட்டைப் பதிவும் இடம்பெயர்ந்தோர் பெயரும் அதில் கலந்திருக்கும். 2025 இறுதியில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம் சென்னையின் பட்டியலை வெகுவாகச் சுருக்கியது. அதையெல்லாம் கழித்தாலும் இரண்டரை மடங்கை எந்த வழியிலும் பத்து விழுக்காட்டுக்குள் அடக்க முடியாது.

இதன் விளைவைப் பணத்தில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தமிழகத்தில் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். தொகுதி பெரிதானாலும் சிறிதானாலும் ஒரே தொகை. 2021 பட்டியல்படி துறைமுகத்தில் வாக்காளர் ஒருவருக்கு 170 ரூபாய், தியாகராய நகரில் சுமார் 120 ரூபாய், சோழிங்கநல்லூரில் 43 ரூபாய். எந்தப் பகுதிக்குப் பள்ளிக் கட்டடமும் மழைநீர் வடிகாலும் அதிகம் தேவையோ அந்தப் பகுதிக்குத் தலைக்கு மிகக் குறைவு. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றிய குடியிருப்புகள் பட்டபாட்டை நாடறியும். ஒரே நீர்ப்பிடிப்பின் ஒரு கரை வேளச்சேரியின் உறுப்பினருக்கு, மறுகரை சோழிங்கநல்லூரின் உறுப்பினருக்கு. நில அமைப்பைக் கருதச் சொன்ன சட்டம் ஆற்றைப் பார்த்தது, சதுப்பு நிலத்தைப் பார்க்கவில்லை.

வெளியேற்றப்பட்டவர்களின் வாக்கு

சோழிங்கநல்லூர் ஊதிப்பெருத்ததற்குக் கணினிப் பொறியாளர்கள் மட்டும் காரணமல்லர். இந்த ஆய்வில் என்னை மிகவும் உறுத்துவது இனிச் சொல்லப்போவதுதான்.

கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களை 2000 முதல் அரசு நகரின் தெற்கு விளிம்புக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தியது. முதலில் கண்ணகி நகர், 15 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரி, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். பிறகு பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்குமாடிகள். மூன்றும் சோழிங்கநல்லூர்த் தொகுதி. இந்தக் குடும்பங்களில் கணிசமானவை மயிலாப்பூர், சைதாப்பேட்டை, ஆயிரம் விளக்கு, சேப்பாக்கம் பக்கத்தவை. பட்டியல் சாதியினர் பெரும்பான்மையாக உள்ளவை. பெண்கள் பழைய பகுதிகளில் வீட்டு வேலைக்கும் ஆண்கள் கட்டட வேலைக்கும் இன்றும் பேருந்து ஏறி அங்கேயே வருகிறார்கள்.

இவர்கள் இழந்தது வீடும் வேலைக்கு அருகிருப்பும் மட்டும் என்றே பேசப்பட்டு வருகிறது. வாக்கின் எடையும் குறைந்தது. இரண்டரை லட்சம் பேரில் ஒருவராக இருந்தவர் ஏழு லட்சம் பேரில் ஒருவரானார். ஆற்றங்கரையில் இருந்தபோது, சிறிய தொகுதியில், சேரியின் ஓட்டு என்று வேட்பாளர் தேடி வந்தார். மாநிலத்தின் மிகப் பெரிய தொகுதியின் கோடியில் அதே மக்கள் எண்ணிக்கையில் கரைந்துபோகிறார்கள். தனித் தொகுதிக்கு உரிமை கோரும் அளவுக்கு அவர்கள் ஓரிடத்தில் சேர்ந்திருந்தும், 2001 கணக்கில் அந்தச் சேர்க்கை பதிவாகவில்லை. பட்டியல் சாதியினர் விகிதம் கூடுதலாக உள்ள பகுதிகளில் தனித் தொகுதி அமைய வேண்டும் என்பது 9-ஆம் பிரிவின் விதி. வரைபடம் வந்தபின் மக்களை நகர்த்தினால் அந்த விதி எப்படி வேலை செய்யும்? எல்லையை மாற்றாமல் மக்களை மாற்றினாலும் தொகுதியின் உள்ளடக்கம் மாறத்தான் செய்கிறது. இது திட்டமிட்டு நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2022 மே மாதம் இராஜா அண்ணாமலைபுரத்தின் கோவிந்தசாமி நகர் இடிக்கப்பட்டபோது, குடியிருப்போர் அருகிலேயே வீடு கேட்டுப் போராடியதில் இந்த உரிமையும் அடங்கியிருந்தது என்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்ய வேண்டும்.

அடுத்த மறுவரையறை இதைச் சரிசெய்யும் என்ற உறுதியும் இல்லை. 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 155 வார்டுகள் 200 ஆயின. 2018-இல் சென்னை மாவட்டமும் அதே எல்லைக்கு விரிந்தது. கொட்டிவாக்கமும் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் உள்ளே வந்துவிட்டன; திருவான்மியூர்ச் சுவர் விழுந்தது. ஆனால் விரிவாக்கத்தில் சேராமல் ஊராட்சியாகவே நின்ற பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டமே அலகு என்ற விதி நீடித்தால், நகரத்திலிருந்து அரசே அனுப்பிய அந்த மக்கள் சென்னையின் எந்தத் தொகுதியிலும் இடம்பெற மாட்டார்கள்.

கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தாத நகரம்

2008 ஆணை சென்னைத் தொகுதிகளைப் பழைய மாநகராட்சி வார்டு எண்களால் விவரித்தது. அந்த வார்டுகள் இன்று இல்லை. வார்டு மாறினாலும் தொகுதி எல்லை மாறாது என்பது சட்டம். ஆகவே ஒரே மாமன்ற உறுப்பினரின் வார்டு இரண்டு சட்டமன்றத் தொகுதிகளில் கிடப்பது சாதாரணமாகிவிட்டது. 2011 விரிவாக்கத்துக்குப் பின் மயிலாப்பூர் தேனாம்பேட்டை மண்டலத்திலும், தியாகராய நகர் கோடம்பாக்கம் மண்டலத்திலும் அமைந்தன. அந்த மண்டல எல்லைக்கும் தொகுதி எல்லைக்கும் உறவில்லை. தெருவில் சாக்கடை உடைந்தால் யாரிடம் போவது என்ற எளிய கேள்விக்கு மூன்று வரைபடங்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை பழைய நகரம் இழக்கப்போவதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2011 கணக்கின்படி மாநில மக்கள்தொகை 7.21 கோடி, இடம் ஒன்றுக்கு 3.08 லட்சம். பழைய எல்லைச் சென்னையின் 46.5 லட்சத்தை வகுத்தால் 15. அதாவது 16-இல் ஒன்று போகும். அன்றைய காஞ்சிபுரத்துக்கு 13, திருவள்ளூருக்கு 12 என்று உயரும். தியாகராய நகரில் தனி வீடுகள் நகைக்கடைகளாகவும் ஜவுளி மாளிகைகளாகவும், மயிலாப்பூரில் மருத்துவமனைகளாகவும் அலுவலகங்களாகவும் மாறிவரும் வேகத்தைப் பார்த்தால் அடுத்த கணக்கெடுப்பில் இந்தச் சரிவு கூடவே செய்யும். மயிலாப்பூரும் தியாகராய நகரும் ஒன்றாகிவிடும் என்ற பேச்சு வரும்போது பழைய பெயர்கள் மீதுள்ள பற்று எழும். எனக்கும் அந்தப் பற்று உண்டு. வடக்கெல்லைக்காகப் போராடிய ம.பொ. சிவஞானம் 1967-இல் வென்ற தொகுதி தியாகராய நகர். ஆனால் தொகுதி என்பது மக்களுக்கான பங்கு. பெயருக்காக ஒரு பகுதிக்குக் கூடுதல் எடை தருவதை 170-ஆம் பிரிவு ஏற்காது.

இரண்டு நிறுத்திவைப்புகள்

170-ஆம் பிரிவின் தற்போதைய வாசகம் இரண்டு செய்திகளைச் சேர்த்துக் கட்டியிருக்கிறது. 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரை, 1971 அடிப்படையிலான மொத்த இடங்களை மாற்றத் தேவையில்லை. 2001 அடிப்படையிலான உள்ளெல்லைகளையும் மாற்றத் தேவையில்லை. முதல் நிறுத்திவைப்புக்கு வலுவான காரணம் உண்டு. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டை ஏற்றுச் செயல்பட்ட மாநிலங்கள் அதற்காகவே தண்டிக்கப்படக் கூடாது. இரண்டாவதற்கு அந்தக் காரணம் பொருந்தாது. மயிலாப்பூரின் இடத்தைக் குறைத்து மேடவாக்கத்துக்குக் கொடுத்தால் தில்லியில் தமிழகத்தின் குரல் ஓர் அணுவும் குறையாது.

இரண்டையும் பிரிக்க முடியும் என்பதற்கு 87-ஆம் திருத்தமே சான்று; மொத்தம் நிற்க, உள்ளெல்லை மாறியது. அசாமில் 2023-இல் 126 இடங்களை அப்படியே வைத்து எல்லைகளை மாற்றினார்கள். அந்த மாற்றத்தைச் சுற்றி எழுந்த கசப்பும், 2022-இல் ஜம்மு காஷ்மீரில் ஜம்முவுக்கு ஆறு, பள்ளத்தாக்குக்கு ஒன்று என இடங்கள் கூட்டப்பட்டபோது எழுந்த கண்டனமும், கோடு போடுகிறவர் மீது நம்பிக்கை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் காட்டுகின்றன. நம் சட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஐந்து மக்களவை உறுப்பினர்களும் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் ஆணையத்தின் இணை உறுப்பினர்கள். ஆனால் அவர்களுக்கு வாக்குமில்லை, கையெழுத்திடும் உரிமையுமில்லை. ஆணையத்தின் ஆணையை நீதிமன்றத்தில் கேள்விகேட்க 329-ஆம் பிரிவு இடம் தரவில்லை என்று 1966-இல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024-இல் கிஷோர்சந்திர ராதோட் வழக்கில்தான், வெளிப்படையாகத் தன்னிச்சையான ஆணையை நீதிமன்றம் பார்க்கலாம் என்ற சிறு கதவு திறந்தது. அமெரிக்காவில் 1964-இன் ரெனால்ட்ஸ் வழக்கு மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளுக்குச் சம மக்கள்தொகையைக் கட்டாயமாக்கியது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரைபடம் மாறுகிறது. அங்கே கட்சிகள் அதைத் தமக்கு வளைத்துக்கொள்வது தனிக் கேடு. சமத்துவத்தை அவர்களிடமிருந்தும், கட்சிச் சார்பற்ற ஆணையத்தை நம்மிடமிருந்தும் எடுத்துக்கொள்வதே பொருந்தும் வழி.

2025 மார்ச் 5-ஆம் நாள் சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம், 1971 அடிப்படை மேலும் 30 ஆண்டு தொடர வேண்டும் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அதில் மாநிலத்துக்கு உள்ளே நடக்க வேண்டிய சமன்பாடு பற்றிப் பேச்சில்லை. இரண்டு நிறுத்திவைப்புகளும் ஒன்றாகவே நீட்டிக்கப்பட்டால், கண்ணகி நகரின் குழந்தை தன் பேரனைப் பார்க்கும்வரை 2001-இன் கோட்டுக்குள்ளேயே வாக்களிக்க நேரிடும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு அறிவிக்கப்பட்ட குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதற்குள் தமிழகக் கட்சிகள் இரண்டாவது தீர்மானம் ஒன்றை நிறைவேற்ற வேண்டும். மாநிலத்தின் மொத்தப் பங்கு எதுவானாலும், ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பின்னும் மாநிலத்துக்குள் எல்லைகள் சமன்செய்யப்பட வேண்டும் என்று அது கேட்கட்டும். மாநகராட்சி வார்டு பிளவுபடாமல் அடிப்படை அலகாக வேண்டும், மறுகுடியமர்த்தப்பட்ட பகுதிகள் மாவட்ட எல்லையால் நகரத்திலிருந்து துண்டிக்கப்படக் கூடாது, இணை உறுப்பினர்களின் மறுப்பு எழுத்தில் பதிவாகி வெளியாக வேண்டும் என்பவையும் அதில் இடம்பெறட்டும். நகரவியல் ஆய்வாளர்கள் வார்டுவாரி மாதிரி வரைபடங்களை இப்போதே தயாரித்து மக்கள் முன் வைக்க வேண்டும். ஆணையம் வரைவை வெளியிட்ட பிறகு கருத்துச் சொல்லக் கிடைக்கும் சில வாரங்கள் அந்த வேலைக்குப் போதாது.